சுவரில் தலைகீழாகத் தொங்கிய காற்றாடி

ஒன்பதாம் அத்தியாயம்

பயம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிவிடும். எனக்கோ வாய் நிற்காது. அன்று பின்னேரம் புத்தளம் டவுனில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், நான் மூச்சு விடாமல் கதைத்துக்கொண்டிருந்தேன். என் நிலைமையை அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

எங்கள் அலுவலகம் என்றால் மர்ளியா ராத்தாவின் அலுவலகம். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காக நசுங்கிய வாகனங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலையில் வருசக்கணக்காக இருந்தவர். வேலையை விட்டார், பழக்கத்தை விடவில்லை. அதையே தொழிலாக்கி வெளியே ஒரு பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார். நான் டிலக்சன். அவருடைய உதவியாளர், ஓட்டோ டிரைவர், பிளேன்டீ வாங்கி வருகிறவர் ஆகிய மூவரும் நானே.

எங்களுக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் ஸலாஹுதீன் நாநா, மாம்புரியில் மீன்பிடிக்கிறவர். போன மாதம் கடலில் இவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கடத்தல் படகு, வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் தோணிமேல் வேண்டுமென்றே ஏறிப் போனது. அந்த மனிதர் கரைக்கு வரவில்லை. நாளைக் காலை நீதிமன்றத்தில் இவர் அதைச் சொல்ல வேண்டும். இன்று காலை இவருடைய தங்கை முஃபீதா, பௌதிகவியல் டியூசன் டீச்சர், வகுப்பு முடித்து வீட்டுக்கு வரும் வழியில் காணாமல் போனார். மத்தியானம் கழித்து இவருடைய போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

“இன்னொருக்காப் போடு,” என்றார் மர்ளியா ராத்தா.

போட்டேன். இருண்ட அறை. வெள்ளைச் சுவர், அதில் ஒரு சதுரச் சுவிச். சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முஃபீதா. முகம் வெளிறியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வலது கையில் தோளுக்கு நேராகப் பிடித்திருந்தார்.

“நாநா, நான் நல்லா இரிக்கிறன். நாளைக்கு கோட்டுல ஒண்டும் காணல்ல எண்டு சொல்லிடுங்க. பொலிசுக்குப் போக வாணாம். போனா என்ன உசிரோட பாக்க மாட்டீங்களாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கு தூரத்துல இரிக்கிறது எல்லாம் நல்லாத் தெரியிது நாநா. கிட்டத்தான் தெரியிதில்ல.”

அப்போது போனைப் பிடித்திருந்தவனின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்.

“கைய ஆட்டாம இரிங்க.”

அதோடு வீடியோ முடிந்தது. அந்தக் குரலை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என் கையில் மயிர் எழுந்து நின்றது. மரியாதையாகப் பேசுகிற கொலைகாரனை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“ராத்தா, டீச்சர் கண்ணாடியைக் கழட்டினது எதுக்கு? கடத்தினவங்கட மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கேல்லையோ?” என்றேன்.

“பகிடி விடாம அந்தக் கையப் பாரு. கண்ணாடியத் தொடைக்கல்ல, போடவும் இல்ல. மத்தக் கையால மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சிரிக்கா. நடுங்குற கைய ஏன் இவ்வளவு பாடுபட்டு நிப்பாட்டணும்?” ராத்தா ஸலாஹுதீன் நாநாவின் பக்கம் திரும்பினார். “உங்கட தங்கச்சி வாசிக்கவா கண்ணாடி போடுற?”

“ஓம். தூரம் நல்லாத் தெரியும். புத்தகம் எண்டாத்தான் கண்ணாடி வேணும்.”

“அப்ப அது குவிவு வில்லை. வெயில்ல புடிச்சா கடதாசி எரியிற சாதி. உசிருக்குப் பயந்து இரிக்கிற பொம்புள கண் பார்வையப் பத்தி ஏன் கதைக்கிறா? டிலக்சன், கண்ணாடிக்குப் பின்னால இரிக்கிற சுவரப் பெருசாக்கு.”

விரலால் இழுத்துப் பெருப்பித்தேன். சுவரில், சுவிச்சுக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு வெளிச்சத் துண்டு. யன்னல் வெளிச்சம் என்று அதுவரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. உற்றுப் பார்த்தால் அதற்குள் இரண்டு கறுப்புத் தண்டுகள் மேலிருந்து கீழே வௌவால் மாதிரித் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று இறகுகள். ஒன்றின் இறகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. மற்றது நின்றிருந்தது.

“காத்தாடி!” என்று எழும்பினார் ஸலாஹுதீன் நாநா. “எங்கட ஊர்க் காத்தாடி!”

காற்றில் மின்சாரம் எடுக்கிற அந்த உயர்ந்த காற்றாடிகள் மாம்புரிப் பக்கம் கரையோரமாக வடக்குத் தெற்காக வரிசையில் நிற்கின்றன. அந்த டீச்சர், கொல்லுவோம் என்று மிரட்டுகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, யன்னலுக்கு வெளியே தெரிந்ததை வில்லையால் பிடித்துச் சுவரில் போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுறத அப்பறம் அழு. இது அவ தந்த கணக்கு. செய்வோம்,” என்றார் ராத்தா. “கண்ணாடி என்ன பவர் நாநா?”

“ரெண்டரை. சிலாபத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் குடுத்த.”

“நூற ரெண்டரையால பிரிச்சா நாப்பது. குவியத்தூரம் நாப்பது சென்ரிமீற்றர். பொருள் வெகு தூரத்துல இரிந்தா விம்பம் எங்க விழும், டிலக்சன்?”

“குவியத்தில. மெய்யானது, தலைகீழானது, உருச்சிறுத்தது.” ஓ.எல் பரீட்சைக்குப் பாடமாக்கியது. அதற்குப் பிறகு அன்றுதான் வாயில் வந்தது.

“அப்ப வில்லைக்கும் சுவருக்கும் நாப்பது சென்ரிமீற்றர். இனி விம்பத்திட உயரம் வேணும். போனுக்குள்ள அடிமட்டம் வச்சு அளக்க ஏலாது…” ராத்தா நிறுத்திவிட்டு எங்கள் அலுவலகச் சுவரைப் பார்த்தார். அங்கேயும் அதே சதுரச் சுவிச். நாட்டில் பாதி வீடுகளில் இருப்பது அதுதான். அளந்தேன். எட்டு சென்ரிமீற்றரும் சொச்சமும். வீடியோவில் காற்றாடியின் உயரமும் சுவிச்சின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று.

“காத்தாடி இறகு ஏத்தின லொறி ஒண்டு பாலாவியில குடை சாஞ்ச நேரம் நான்தான் போய்ப் பாத்த. இறகு உச்சிக்குப் போகக்குள்ள நிலத்துல இரிந்து நூறு மீற்றர் வரும். எட்டு சென்ரிமீற்றர் விம்பத்துக்கு நாப்பது சென்ரிமீற்றர் தூரம். அஞ்சு மடங்கு. அப்ப நூறு மீற்றர் காத்தாடிக்கு?”

“ஐந்நூறு மீற்றர்,” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே நம்ப முடியவில்லை. “ஆனா எந்தப் பக்கம் ராத்தா? கடல் பக்கமோ, களப்புப் பக்கமோ?”

அந்த ஊர் ஒரு நீட்டு நிலம். மேற்கே கடல், கிழக்கே களப்பு, அதாவது கடலோடு சேர்ந்த உப்பு ஏரி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய்த் தேட முடியாது. பிழையான பக்கம் போனால் அவர்களுக்குச் செய்தி போய்விடும்.

நான் போனைத் தலைகீழாகத் திருப்பினேன். காற்றாடிகள் இரண்டும் நேராக எழுந்து நின்றன. சுற்றாமல் நின்றது இடப்பக்கமும் சுற்றியது வலப்பக்கமும் வந்தன.

ஸலாஹுதீன் நாநா போனைப் பறிக்காத குறையாக வாங்கினார். “இது கடல்ல இரிந்து பாக்குற மாதிரியேதான்! நிக்கிறது வடக்குத் தொங்கல்ல, கடைசியா இரிக்கிற காத்தாடி. பழுதாகிக் கிடக்கு. நாங்க விடிய வள்ளத்துல திரும்பக்குள்ள அதுதான் எங்களுக்கு அடையாளம். கரையப் பாத்தா அது இடக்கைப் பக்கம். ஒவ்வொரு நாளும் காணுற காட்சி ராத்தா.”

கடலுக்குப் போகிற மனிதருக்குக் கரை என்றால் கடலிலிருந்து தெரிகிற கரைதான். அவர் சொன்னதும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கடல் பக்கம், ஐந்நூறு மீற்றருக்குள், சுவரும் மின்சாரமும் இருக்கிற கட்டடம் ஒன்றே ஒன்று என்றார். வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வந்து தங்கிய இடம், பூட்டிக் கிடக்கிறதாம்.

“நாநா, நீங்க இங்கயே இரிங்க. உங்கள யாராவது நோட்டம் பாத்துக்கொண்டு இரிப்பான்,” என்ற ராத்தா பொலிசுக்கு அழைத்தார். இடம் தெரியாமல் பொலிசுக்குச் சொன்னால் ஆபத்து, தெரிந்தபின் சொல்லாமல் விட்டாலும் ஆபத்து. கடற்கரைக் கட்டடம் என்று சொன்னார். சைரன் போடாமல் வருவதாகச் சொன்னார்கள்.

கல்பிட்டி வீதியில் ஓட்டோவை நான் ஓட்டிய ஓட்டத்தை என்னைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார்கள். கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளியது. மாம்புரி தாண்டி, தென்னந்தோட்டத்துக்குள் மணல் பாதையில் இறங்கினோம். வழியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எனக்கு அவனுடைய பார்வை பிடிக்கவில்லை.

கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓட்டோவை மறைத்துவிட்டு நடந்தோம். கடல் இரைந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே ஏதோ நகர்ந்தது.

“ராத்தா, பொலிஸ் வரட்டும்,” என்று கிசுகிசுத்தேன்.

“உள்ள அவ இரிந்தா?”

ராத்தா ஒரு கையால் கதவைத் தள்ளினார். உள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் என் நெஞ்சிலேயே பாய்ந்தது. நான் மணலில் மல்லாக்க விழுந்தேன். அது என்னை மிதித்துத் தாண்டி, தாடியை ஆட்டிக்கொண்டு தென்னைகளுக்குள் ஓடியது.

“ஆடு,” என்றார் ராத்தா.

“தெரியும். நான் பயப்பிடேல்லை. அதுக்கு வழி விட்டனான்.”

உள்ளே யாரும் இல்லை. தூசு, ஆட்டுப் புழுக்கை, மூலையில் கிழிந்த பாய். சுவர் வெள்ளைதான், சுவிச் வேறு மாதிரி. கதிரை இல்லை. மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. ராத்தா அறையின் நடுவில் நின்றார். அவர் முகத்தில் பயத்தைக் கண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. நசுங்கிய வாகனத்துக்குள் எட்டிப் பார்க்கிறபோதும் முகம் மாறாத மனுசி அவர்.

நான் யன்னல் பக்கம் போனேன். கிழக்கே, தென்னைகளுக்கு மேலே, காற்றாடிகள் இரண்டும் தெரிந்தன. ஐந்நூறு மீற்றர் சரியாகத்தான் இருக்கும். இடப்பக்கம் நின்றது, வலப்பக்கம் சுற்றியது. எல்லாம் சரி. ஆனாலும் ஏதோ இடித்தது.

“ராத்தா, இதுகள் வெள்ளையா இருக்கு.”

“காத்தாடி வெள்ளைதானே.”

“வீடியோவில கறுப்பா இருந்தது. கரி பூசின மாதிரி.”

ராத்தா யன்னலுக்கு ஓடி வந்தார். பின்னேர வெயில் எங்கள் முதுகுப் பக்கம் கடலிலிருந்து அடித்தது. அந்த வெயில் முழுவதும் காற்றாடிகளின் முகத்தில் விழுந்து அவை மினுங்கின. அவை கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் சூரியன் அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பின்னேரத்தில் அப்படிப் பார்க்கக்கூடியது களப்புப் பக்கம் இருந்து மட்டும்தான்.

“ஆனா இடம் வலம் சரியா இருக்கே?” என்றேன். “போனைத் திருப்பினா இப்பிடித்தானே வந்தது?”

ராத்தா கைப்பையிலிருந்து தன் வாசிக்கிற கண்ணாடியை எடுத்தார். யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவருக்கு முன்னால் அதை முன்னும் பின்னும் நகர்த்தினார். ஒரு இடத்தில் சுவரில் சட்டென்று படம் விழுந்தது. தென்னைகள் தலைகீழாக, வானம் கீழே, காற்றாடிகள் இரண்டும் மேலிருந்து தொங்கின.

“நிக்கிற காத்தாடி எந்தப் பக்கம் தெரியிது?”

“இடப்பக்கம்.”

“யன்னலால பாத்தா?”

நான் திரும்பிப் பார்த்தேன். “அதுவும் இடப்பக்கம்.” “பக்கம் மாறேல்லை ராத்தா. மேல் கீழ் மட்டும்தான் மாறியிருக்கு.”

“வில்லை பக்கத்த மாத்துது. ஆனா சுவரப் பாக்குறதுக்கு நாங்க யன்னலுக்கு முதுகக் காட்டித் திரும்புறோம். அதுல இன்னொருக்கா மாறுது. ரெண்டு தரம் மாறினா மாறாத கணக்குத்தான். நீ போனத் தலைகீழாத் திருப்பக்குள்ள மேல் கீழோட இடம் வலத்தையும் சேத்து மாத்திப்போட்ட. நானும் பாத்துக்கொண்டு நிண்டன்.” “வீடியோவில உள்ளபடியே நிக்கிறது வலப்பக்கம். அவ பாக்குறது மற்றப் பக்கத்தால. களப்புப் பக்கத்தால.”

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஸலாஹுதீன் நாநா. அழுகைக்கு நடுவில்தான் வார்த்தைகள் வந்தன.

“மெசேஜ் வந்திரிக்கி தம்பி. ‘உன் ஆக்கள் கடற்கரையில நிக்கிறாங்க. மக்ரிபோட களப்புல போடுறோம்’ எண்டு. தம்பி, என்ட தங்கச்சி… என்ட தங்கச்சி தம்பி…”

மக்ரிப் என்றால் சூரியன் மறைகிற நேரத் தொழுகை. சூரியன் கடலுக்கு மேல் இரண்டு சாண் உயரத்தில் நின்றது. நாங்கள் ஓடினோம்.

ஓடிக்கொண்டே ராத்தா பொலிசிடம் இடம் மாற்றிச் சொன்னார். ஜீப் கடற்கரைப் பாதைக்குள் இறங்கிவிட்டதாம், மணலில் திருப்பிக்கொண்டு வர வேண்டுமாம். நான் வீதியைக் குறுக்கே கடந்து, காற்றாடிகளைத் தாண்டி, களப்புப் பக்கம் ஓட்டோவை விட்டேன். அந்தத் திசையில் இருந்தது கைவிடப்பட்ட ஒரு இறால் பண்ணை. நோய் வந்து இறால் எல்லாம் செத்தபின் சொந்தக்காரர் விட்டுப்போன காய்ந்த குளங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு மண் வரம்பு. வரம்பின் முடிவில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இருந்த ஒரு சிறிய வீடு. அதன் யன்னல் மேற்கே காற்றாடிகளைப் பார்த்தது.

வீட்டுக்குப் பின்னால் களப்பில் ஒரு படகு. படகில் இரண்டு பேர். ஒருவன் ஒரு கொங்கிரீட் கல்லில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கல் எதற்கென்று எனக்கு விளங்கியது. வரம்பில் ஓட்டோ போகாது. மறைவதற்கு ஒரு பற்றைகூட இல்லை. நடக்கத் தொடங்கினால் அவர்கள் பார்ப்பார்கள், நடக்காவிட்டால் டீச்சரைக் கொண்டுவந்து ஏற்றுவார்கள்.

“ராத்தா, நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் எழுத்தில தரட்டோ?”

“நானும்தான். நட,” என்றார் அவர்.

நடந்தோம். என் வாழ்நாளில் நான் நடந்த மிக நீளமான வரம்பு அது. பாதி தூரம் போனபோது வீட்டு யன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அது எங்களைப் பார்த்தது.

அடுத்த கணம் உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

“பொலிஸ்! பொலிஸ் வந்திட்டு! ஓடுங்க!”

கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வெளியே பாய்ந்தான். பின்னால் திரும்பிப் பார்க்காமல் படகுக்கு ஓடி ஏறினான். கல்லைக் கட்டிக்கொண்டிருந்தவன் அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு இயந்திரத்தை இழுத்தான். படகு சீறிக்கொண்டு களப்பின் நடுவை நோக்கிப் போனது.

நான் பின்னால் பார்த்தேன். ஜீப் இல்லை. காக்கிச் சட்டை இல்லை. தூரத்தில் என் ஓட்டோ மட்டும் நின்றது, பின்கண்ணாடியில் ‘அம்மாவின் ஆசி’ என்று எழுதியபடி.

“ராத்தா, எங்களைப் பார்த்துப் பொலிஸ் எண்டு எந்தக் குருடன் சொல்லுவான்?”

அவர் அதற்குள் வீட்டுக்குள் ஓடிவிட்டார். முஃபீதா டீச்சர் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் கால்கள் கட்டப்பட்டபடி இருந்தார். உதடு வெடித்திருந்தது. உயிரோடு இருந்தார். ராத்தா அவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்து நான் மூலையில் போய் நின்று சத்தமில்லாமல் அழுதேன். அதை மறைக்க எனக்குத் தோன்றவும் இல்லை.

டீச்சர் கேட்ட முதல் கேள்வி எங்களைப் பற்றியதல்ல.

“றிப்னாஸ் எங்க? அவனையும் கொண்டு போய்ட்டாங்களா?”

“எந்த றிப்னாஸ்?” என்றார் ராத்தா, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

“போன் புடிச்சவன். வீடியோ எடுத்தவன். இப்ப பொலிஸ் எண்டு பொய்யாக் கத்தி அவனுகள ஓட வச்சு, சந்தேகம் வராம தானும் கூட ஓடினவன். என்ட வகுப்புப் புள்ள, ரெண்டு தரம் ஏ.எல் எழுதிப் பெயில் விட்டவன். கூலி கிடைக்கிது எண்டு இவனுகள்ட்ட சேந்திரிக்கான், ஆளக் கொல்லுற வேல எண்டு தெரியாம. நான் கண்ணாடியத் தூக்கின உடனே அவனுக்கு விளங்கிட்டு. ‘கைய ஆட்டாம இரிங்க’ எண்டான். கை ஆடினா விம்பம் கலங்கிடும் எண்டு வகுப்புல நான் சொல்லிக் குடுத்தது.”

அந்தக் குரல். நாங்கள் கொலைகாரன் என்று நினைத்து நடுங்கிய குரல்.

“சுவிச்சப் பாத்தீங்களா?” என்று கேட்டார் டீச்சர். “அது என்ட யோசனை இல்ல. பயத்துல எனக்கு அது ஓடவே இல்ல. அவன்தான் போன ஒரு பக்கம் தள்ளிப் புடிச்சு சுவிச்சையும் படத்துக்குள்ள எடுத்த. அளவு ஒண்டு இல்லாம கணக்கு வராது எண்டு அவனுக்குத் தெரியும். நான் அவனுக்கு நூத்துக்கு முப்பது போட்டிரிக்கன்.”

களப்பிலிருந்து வந்துகொண்டிருந்த இயந்திரச் சத்தம் நின்றது.

நாங்கள் மூவரும் வெளியே ஓடினோம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் படகு அசையாமல் நின்றது. அதில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள், கரையைப் பார்த்துக்கொண்டு. அங்கேயிருந்து பார்த்தால் வரம்பில் பொலிஸ் இல்லாதது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு ஓட்டோவும் மூன்று மனிதரும் மட்டும்.

படகில் ஒருவன் மற்றொருவனின் கழுத்தைப் பிடித்தான். படகு சாய்ந்தது. பிறகு படகில் இரண்டு பேர்தான் நின்றார்கள்.

முஃபீதா டீச்சர் “றிப்னாஸ்!” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கட்டு அவிழ்ந்த கால்கள் அவரைத் தாங்கவில்லை, விழுந்து எழும்பினார். நானும் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இன்றும் தெரியாது. எனக்கு நீந்தத் தெரியாது.

நல்லவேளையாக அந்த இடத்தில் களப்பு நெஞ்சளவுதான். சற்றுத் தள்ளி ஒரு தலை எழுந்தது. இருமியது. கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எங்களை நோக்கி நடக்கத் தொடங்கியது. படகின் இயந்திரம் மறுபடி உறுமியது. மூக்கை எங்கள் பக்கம் திருப்பியது. அது அவன் மேலேயே வந்தது.

அந்த நேரத்தில்தான் வரம்பின் தொடக்கத்தில் இரண்டு விளக்குகள் எரிந்தன. இந்தத் தடவை உண்மையான ஜீப். சைரன் போட வேண்டாம் என்று சொன்னதை அவர்கள் மறந்திருந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும் என்று என் வாயில் வந்தது. நான் இந்து.

படகு வளைந்து விலகியது. றிப்னாஸ் தடுமாறிக்கொண்டு வந்து சேர்ந்தான். கழுத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. டீச்சர் அவனுடைய ஈரச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சினார்.

“மன்னிச்சிக்கங்க மிஸ்,” என்றான் அவன். பல் கிட்டியடித்தது. “மன்னிச்சிக்கங்க.”

“நாளைக்கு நாநாவோட சேந்து நீயும் கோட்டுல சொல்லுவியா?” என்று கேட்டார் மர்ளியா ராத்தா.

அவன் தலையாட்டினான். ஆனால் கண் ராத்தாவைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தது. அது கடலுக்கு வழி இருக்கிற வடக்கே கல்பிட்டிப் பக்கம் போகவில்லை. களப்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு தென்கிழக்கே போனது.

“அந்தப் பக்கம் என்ன இரிக்கி?” என்றார் ராத்தா.

றிப்னாஸின் முகம் கோணியது.

“கனமூலைக்குப் போற இறங்குதுறை. எங்கட வீடு அவனுகளுக்குத் தெரியும். உம்மா தனிய இரிக்கி, போனும் இல்ல.” அவன் டீச்சரின் கையைப் பிடித்தான். “விடிய வெளிக்கிட்ட என்ன இன்னும் காணல்ல எண்டு வாசலப் பாத்துக்கொண்டு இரிக்கும். என்ட பேரச் சொல்லித் தட்டினா உம்மா கதவத் திறந்திடும் மிஸ்.”

ராத்தா ஏற்கெனவே கனமூலைக்குக் கிட்ட உள்ள மதுரங்குளிப் பொலிசுக்கு நம்பர் அடித்துக்கொண்டிருந்தார். நான் வரம்பில் ஓட்டோவை நோக்கி ஓடினேன். எனக்குப் பின்னால் டீச்சரும் றிப்னாஸும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஈரக் காலோடு ஓடி வந்தார்கள்.